பதினேழாம் போர்ட்

வால்பரைசோவில் ஆகஸ்ட் மாதம்.
மலை லிஃப்ட் இன்றும் பழுது.
நூற்று அறுபத்திரண்டு படி இறங்கி வந்தேன்,
தோளில் மடிக்கணினி,
பையில் கன்சோல் கேபிள், பாதி தின்ற எம்பனாதா.

சுங்கத் தரகு அலுவலகம், இரண்டாம் மாடி.
வாசலிலேயே மடக்கினார் டான் நிபால்டோ:
"எல்லாருக்கும் ஓடுகிறது.
எதுவிகிஸுக்கு மட்டும் ஊர்கிறது.
கோளாறு மெஷினிலா, ஆளிலா,
அதை மட்டும் சொல்லுங்கள்."

அவள் ஜன்னலோரம் இருந்தாள்.
ராட்டர்டாம் போகும் மாண்டரின் ஆரஞ்சுகளின் பட்டியல்
நாற்பத்தொரு சதவீதத்தில் நின்றிருந்தது.
ஐந்து மாதமாய் இப்படித்தானாம்.
மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து
கதவு திறக்கிறாளாம்.
அதை அவள் சொல்லவில்லை,
காவலாளி சொன்னான்.

பிங் அடித்தேன்.
ஒரு மில்லிசெகண்ட். சுத்தம்.
"நலமா?" என்றால் "நலம்" என்கிறது.
பெரிய கோப்பு ஒன்றைக் கேட்டால்தான்
மென்று விழுங்குகிறது.
கேபிளை மாற்றினேன். அதே கதை.

ஸ்விட்ச் இருந்தது துடைப்ப அலமாரியில்,
குளோரின் புட்டிகளுக்கு மேல்.
இருபத்துநான்கு போர்ட்,
கீழே தெரியும் துறைமுகத்தைவிட அதிகம்.
இருபத்துமூன்றும் பச்சை.
பதினேழு மட்டும் மஞ்சள்.

உள்ளே நுழைந்து எண்ணிகளைப் பார்த்தேன்.
பதினேழில் பெறப்பட்ட பிழைகள்:
நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்.
பார்க்கப் பார்க்கச் சொச்சம் ஏறியது.
வேகம் நூறு, டூப்ளெக்ஸ் முழுசு என்று
யாரோ கையால் எழுதிப் பூட்டியிருந்தார்கள்.
பக்கத்தில் ஒரு குறிப்பு: எடை மெஷின், தொடாதே.
எடை மெஷின் காயலாங்கடைக்குப் போய்
வருடம் மூன்று.

நடந்தது இவ்வளவுதான்.
அவள் கணினி கேட்டிருக்கிறது:
எந்த வேகம், எப்படிப் பேசலாம்?
பூட்டிய வாய் பதில் சொல்லாது.
பதில் வராவிட்டால் பாதி டூப்ளெக்ஸுக்கு இறங்கிக்கொள்,
அதுதான் விதி.
இறங்கிக்கொண்டது.
எதிராளி பேசினால் பொறு,
அடங்கியதும் பேசு,
மோதிக்கொண்டால் பின்வாங்கி
இன்னும் கொஞ்சம் பொறு.

ஸ்விட்ச்சுக்கு அந்த விதி கிடையாது.
நினைத்தபோது பேசும்.
அவள் வாக்கியத்தின் நடுவில் பேசும்.
உடைந்து வந்த பாதிச் சொல்லைப்
பிழை என்று தள்ளி
அவள் பெயரில் ஒன்று கூட்டிக்கொள்ளும்.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"ஆட்டோ" என்று தட்டினேன்.
பதினேழு அணைந்தது.
மூன்று விநாடி.
குளோரின் வாடையில் தும்மல் வந்தது.
நிமிர்ந்தால் பச்சை.

மறக்காமல் சேமித்தேன்.
எண்ணியைப் பூஜ்யமாக்கும் கட்டளையைத்
தட்டிவிட்டு,
என்டர் அழுத்தாமல் அழித்தேன்.

எதுவிகிஸ் பட்டனை அழுத்தினாள்.
அழுத்திய கையோடு எழுந்து
கெட்டிலை நோக்கி நடந்தாள்,
ஐந்து மாதப் பழக்கம்.
பாதி வழியில் நான் கூப்பிட்டேன்.
திரையில் மாண்டரின்கள் கடைசிப் பெட்டிவரை.
குளிக்கும் முன்னே வந்துவிட்ட விருந்தாளியைப்
பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"கேபிள்தானே?" என்றார் டான் நிபால்டோ.
"இல்லை, ஸ்விட்ச்சில் ஒரு பக்கம்..."
"நினைத்தேன், கேபிள்தான்" என்று
டைரியில் குறித்துக்கொண்டார்.

அவள் என்னிடம் கேட்டாள்:
"மொத்தம் எத்தனை?"
சொன்னேன்.
"சொச்சம்?"
அலமாரிக்குத் திரும்பிப் போய்ப் பார்த்து வந்து
கடைசி இலக்கம்வரை சொன்னேன்.
பட்டியலின் பின்பக்கத்தில் எழுதி,
மடித்து,
கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடினாள்.

பிறகு கெட்டிலைப் போட்டாள்.
தண்ணீர் கொதிக்க நான்கு நிமிடம் பிடித்தது.
ஜன்னலுக்கு வெளியே ஒரு கப்பல்
இடம் கிடைக்கக் காத்திருந்தது.
"சர்க்கரை?" என்றாள்.
நான் சொல்லி முடிக்கும்வரை
ஸ்பூனைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள்.